மந்தை நாய் உங்கள் வீட்டுக்கு ஏற்றதா? முடிவெடுப்பதற்கான முழுமையான வழிகாட்டி

பார்டர் கோலி, ஆஸ்திரேலியன் ஷெப்பர்ட், ஆஸ்திரேலியன் கேட்டில் டாக், பெல்ஜியன் மாலினுவா போன்ற மந்தை நாய்களின் மீது, அதாவது ஆடு மாடுகளை மடக்கி ஓட்டுவதற்காக உருவாக்கப்பட்ட நாய்களின் மீது, ஆசை வருவதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. அவை அழகானவை, சுறுசுறுப்பானவை, சொன்னதைச் சட்டென்று பிடித்துக்கொள்பவை, வளர்ப்பவரின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காதவை. அதே நாய்கள்தான் ஓராண்டு, ஒன்றரை ஆண்டு வயதை எட்டும்போது, வளர்த்தவர்களால் சமாளிக்க முடியாமல் வேறு வீடு தேடப்படும் நாய்களாகவும் மாறுகின்றன. அப்படி நேர்வதற்கு நாயின் குணக்கேடு அரிதாகவே காரணமாகிறது. குட்டியை வாங்குமுன் கேட்கப்பட்டிருக்க வேண்டிய சில கேள்விகள் கேட்கப்படாமல் போனதே பெரும்பாலும் காரணம்.

வழக்கமாக எழும் முதல் கேள்வி, வீட்டில் இடம் போதுமா என்பது. அந்தக் கேள்வியைப் பின்னுக்குத் தள்ளிவைக்கலாம். பரந்த தோட்டத்தில் தனியே விடப்பட்ட மந்தை நாய் பித்துப்பிடித்ததுபோல் வேலியோரம் ஓடிக்கொண்டிருப்பதும், சிறிய குடியிருப்பில் வாழும் மந்தை நாய் நிம்மதியாகப் படுத்திருப்பதும் உண்டு. இரண்டையும் வேறுபடுத்துவது வீட்டில் உள்ள ஒரு மனிதரின் நேரம். அந்த நேரம் உங்களிடம் இருக்கிறதா என்று கண்டறிவதே இந்த வழிகாட்டியின் நோக்கம். படிகளை வரிசையாகக் கடந்து செல்லுங்கள். ஏதேனும் ஒரு படியில் தெளிவாக "இல்லை" என்ற விடை வந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்வதில் தவறில்லை.

படி 1: நாய் எந்த வேலைக்காக உருவானது என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஓநாய் வேட்டையாடுவது பல கட்டங்கள் கொண்ட ஒரு தொடர். இரையைக் கண்டு திரும்புவது, உற்று நோக்குவது, பதுங்கி நெருங்குவது, துரத்துவது, கவ்வுவது, கொல்வது என்று அது நீளும். மந்தை நாய்களை உருவாக்கிய மேய்ப்பர்கள் இத்தொடரின் முற்பகுதியை வலுவாக்கி, பிற்பகுதியை அடக்கினார்கள். பார்டர் கோலி உடலைத் தாழ்த்தி, அசையாத பார்வையாலேயே ஆட்டு மந்தையை மடக்குவது அதன் விளைவு. மாடு ஓட்டுவதற்கு உருவான கேட்டில் டாக், கோர்கி ஆகிய இனங்களில் கவ்வும் கட்டமும் ஓரளவு விட்டுவைக்கப்பட்டிருக்கிறது. மாட்டின் பின்னங்காலைக் கடித்துவிட்டு, உதை விழுமுன் தரையோடு ஒட்டிப் படுத்துக்கொள்வது அவற்றின் தொழில் நுணுக்கம்.

இந்தத் தேர்வு தோற்றத்தை வைத்து நடந்ததன்று. பிரித்தானியாவில் மேய்ப்பு நாய்களுக்கான முதல் போட்டி 1873-இல் வேல்ஸில் உள்ள பாலா என்ற ஊரில் நடைபெற்றது. இன்றைய பார்டர் கோலிகளின் மூதாதையாகக் கருதப்படும் ஓல்ட் ஹெம்ப் என்ற நாய் 1893-இல் நார்தம்பர்லாந்தில் பிறந்தது. அது ஓசையின்றி, மிரட்டாமல் ஆடுகளை ஓட்டிய முறைக்காகவே அதன் வாரிசுகளை மேய்ப்பர்கள் தேடினார்கள். 1906-இல் தொடங்கப்பட்ட பன்னாட்டு மேய்ப்பு நாய்ச் சங்கமும் வேலைத்திறனையே அளவுகோலாகக் கொண்டது. நாள் முழுதும் மேட்டிலும் பள்ளத்திலும் ஓடிய பிறகும் அடுத்த சீழ்க்கைக்குக் காது கொடுக்கும் நாயே பல தலைமுறைகளாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு வந்திருக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

வீட்டில் ஆடு மாடு இல்லை என்பதற்காக இந்த இயல்பு உறங்கிவிடாது. ஓடும் குழந்தை, சைக்கிள், மோட்டார் சைக்கிள், துடைப்பம், கூரை விசிறியின் நிழல், சுவரில் விழும் கண்ணாடி வெளிச்சம் என அசைவன எல்லாமே மடக்கப்பட வேண்டிய மந்தையாக நாய்க்குத் தோன்றலாம். விருந்தினர் எழுந்து புறப்படும்போது அவருடைய குதிகாலைக் கவ்வும் நாய் கோபத்தில் அதைச் செய்வதில்லை, ஆனால் பல் பட்டவருக்கு அந்த விளக்கம் ஆறுதல் தராது. ஒளியையும் நிழலையும் துரத்தும் பழக்கம் சில நாய்களில் நிறுத்தவே முடியாத கட்டாயச் செயலாக முற்றிவிடுகிறது. இக்காரணத்தால், லேசர் ஒளிப்புள்ளியைக் காட்டி விளையாடுவதை இவ்வினங்களில் முற்றிலும் தவிர்க்க வேண்டும்.

இந்தப் படியில் செய்ய வேண்டிய வேலை எளிது. உங்கள் வீட்டிலும் வாசலிலும் ஒரு நாளில் ஓடுகின்ற, உருளுகின்ற, சுழலுகின்ற, திடீரென்று சத்தமிடுகின்ற அனைத்தையும் ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றின் அருகிலும், அதை நாய் துரத்த முயன்றால் தடுத்துப் பழக்கப்போவது யார் என்று ஒரு பெயரை எழுதுங்கள். பெயர் எழுத முடியாத வரிகள் அதிகமானால், அதுவே உங்களுக்குக் கிடைத்த முதல் தகவல்.

படி 2: எந்த இனம், எந்த வழி என்று பிரித்துப் பாருங்கள்

மந்தை நாய்கள் எல்லாம் ஒரே மாதிரி இருப்பதில்லை. முதலில், மந்தையை ஓட்டும் நாயையும் மந்தையைக் காவல் காக்கும் நாயையும் பிரித்தறிய வேண்டும். கிரேட் பைரனீஸ் போன்ற காவல் நாய்கள் ஆடுகளோடு அமைதியாகப் படுத்துக் கிடந்து, தாமாக முடிவெடுப்பவை. ஓட்டும் நாய்களோ மனிதரின் கட்டளைக்காகக் காத்திருந்து, அது கிடைக்காதபோது தாமே வேலையை உருவாக்கிக்கொள்பவை.

ஓட்டும் இனங்களுக்குள்ளும் வேறுபாடு பெரிது. பார்டர் கோலி பெரும்பாலும் 14 முதல் 20 கிலோ எடையுள்ளது. அசைவுக்கும் ஓசைக்கும் மிக நுட்பமாக எதிர்வினை காட்டும். ஆஸ்திரேலியன் ஷெப்பர்ட் பெயருக்கு மாறாக அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் உருப்பெற்ற இனம். சற்றுக் கனமான உடலும், வீட்டாரோடு ஒட்டிக்கொள்ளும் குணமும், அந்நியரிடம் தயக்கமும் உடையது. கேட்டில் டாக் ஆஸ்திரேலியாவின் காட்டு நாயான டிங்கோவின் இரத்தம் கலந்தது, உரமானது, பிடிவாதமும் உடையது. மாலினுவாவைக் காவல்துறையும் இராணுவமும் விரும்புவதற்குக் காரணமான வேகமும் கடிக்கும் ஆர்வமும், சாதாரண வீட்டில் சுமையாகவே முடியும். முதன்முறையாக நாய் வளர்ப்பவர் மாலினுவாவைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. இதில் விதிவிலக்குத் தேடுபவர்கள் பெரும்பாலும் தம்மையே விதிவிலக்காகக் கருதுபவர்கள்.

இவற்றின் மறுபக்கத்தில் ஷெட்லண்ட் ஷீப்டாக், ரஃப் கோலி, வெல்ஷ் கோர்கி ஆகியவை இருக்கின்றன. புத்திக்கூர்மை அவற்றுக்கும் உண்டு, குரைப்பும் தாராளமாக உண்டு. ஆனால் தேவைப்படும் ஓட்டத்தின் அளவு குறைவு. ஜெர்மன் ஷெப்பர்ட் இவ்விரு பக்கங்களுக்கும் இடையில், எந்தப் பெற்றோருக்குப் பிறந்தது என்பதைப் பொறுத்து இங்குமங்கும் சாயும்.

பெற்றோர் என்று சொல்லும்போது ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஒரே இனத்துக்குள் வேலைக்காக வளர்க்கப்படும் பரம்பரை வழியும், கண்காட்சிக்காக வளர்க்கப்படும் பரம்பரை வழியும் தனித்தனியாகப் பிரிந்துவிட்டிருக்கின்றன. பண்ணையில் நாள்தோறும் ஆடு ஓட்டும் இரு நாய்களின் குட்டி, கண்காட்சி மேடையில் பல தலைமுறைகளாக நின்று பழகிய நாய்களின் குட்டியைவிடப் பன்மடங்கு வேலை கேட்கும். இனத்தின் பெயரை மட்டும் படித்துவிட்டு முடிவெடுப்பவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

படி 3: உங்கள் நாளை மணிக்கணக்கில் எழுதிப் பாருங்கள்

இந்த வழிகாட்டியின் மையம் இதுதான், ஆகவே இங்கே சற்று நிதானமாக நிற்போம். உடல்நலமுள்ள, முழு வளர்ச்சியடைந்த பார்டர் கோலி அல்லது ஆஸ்திரேலியன் ஷெப்பர்டுக்கு நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் அல்லது அதற்கு மேலான உடலியக்கம் தேவைப்படும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோர்கி, ஷெட்லண்ட் ஷீப்டாக் ஆகியவற்றுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் போதுமானதாக இருக்கும். இதில் மழை நாளுக்கோ, தேர்வுக் காலத்துக்கோ, உடம்பு சரியில்லாத நாளுக்கோ விடுமுறை இல்லை. இந்த இனங்கள் 12 முதல் 15 ஆண்டுகள் வரை வாழ்கின்றன. புளூயி என்ற கேட்டில் டாக் 1910 முதல் 1939 வரை, 29 ஆண்டுகள் வாழ்ந்ததாகப் பதிவு இருக்கிறது. அது அபூர்வம் என்றாலும், வாக்குறுதியின் நீளத்தை அளந்து பார்க்க உதவும்.

நேரத்தைவிட முக்கியமானது அந்த நேரம் எதனால் நிரப்பப்படுகிறது என்பது. "நன்றாக ஓடவிட்டால் களைத்துத் தூங்கிவிடும்" என்று நம்பி, மாலை முழுவதும் பந்தை எறிந்துகொண்டே இருப்பவர்கள் பலர். சில வாரங்கள் அது பலிக்கும். பிறகு நாயின் தாங்குதிறன் கூடும், முன்பு அரை மணி நேரத்தில் களைத்த நாய்க்கு ஒரு மணி நேரம் வேண்டியிருக்கும், கூடவே பந்தைக் கண்டாலே உடல் நடுங்கும் அளவுக்கு வெறியும் ஏறும். நீங்கள் உருவாக்கியிருப்பது களைத்த நாயை அன்று, பயிற்சி பெற்ற ஓட்டப்பந்தய வீரரை.

இவ்வினங்களுக்கு மூளை வேலை வேண்டும். மறைத்துவைத்த உணவை மோப்பத்தால் தேடச் செய்வது, பொருள்களின் பெயரைக் கற்றுக்கொடுப்பது, கூட்டமான இடத்தில் அமைதியாக நடக்கப் பழக்குவது ஆகியவற்றில் 15 நிமிடம் செலவிட்டால் நீண்ட ஓட்டத்துக்கு ஈடான நிறைவு கிடைக்கும். சேசர் என்ற பார்டர் கோலி 1,022 பொம்மைகளின் பெயர்களை அறிந்திருந்ததாக 2011-இல் வெளியான ஆய்வு கூறியது. அந்தச் செய்தியைப் படித்து வியப்பவர்கள், அதன் பின்னால் பணி ஓய்வு பெற்ற ஓர் உளவியல் பேராசிரியர் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள், நாளுக்கு நான்கைந்து மணி நேரம் உழைத்தார் என்பதைக் கவனிப்பதில்லை. அறிவுள்ள நாய் எளிதான நாய் என்று எண்ணுவது பெரும் பிழை. கதவுத் தாழ்ப்பாளைத் திறக்கவும், குப்பைத் தொட்டியை எந்த நேரத்தில் கவிழ்த்தால் யாரும் பார்க்க மாட்டார்கள் என்று கணக்கிடவும் அதே அறிவு பயன்படும்.

மூன்றாவது தேவை ஓய்வு. வளர்ந்த நாய் ஒரு நாளில் 12 முதல் 14 மணி நேரமும், குட்டி 18 முதல் 20 மணி நேரமும் உறங்க வேண்டும். மந்தை நாய்களில் பல, தாமாக ஓய்வெடுக்கத் தெரியாதவை. வீட்டில் அசைவு இருக்கும்வரை கண்காணித்துக்கொண்டே இருந்து, உறக்கம் குறைந்து, எரிச்சல் மிகுந்து, கடைசியில் "அடங்காத நாய்" என்று பெயர் வாங்கிவிடும். ஆகவே படுக்கையில் அமைதியாகக் கிடப்பதையும் ஒரு பாடமாகக் கற்பிக்க வேண்டியிருக்கும். இதற்கு ஓடும் திறன் தேவையில்லை, பொறுமை தேவை.

இப்போது ஒரு வேலைநாளை எடுத்துக்கொண்டு, காலையில் எழுவதிலிருந்து இரவு படுக்கும்வரை மணிவாரியாக எழுதுங்கள். விடுமுறை நாளை எடுத்துக்கொள்ள வேண்டாம், அது எல்லோரையும் ஏமாற்றும். காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம், இடையிடையே இரண்டு மூன்று முறை பத்து நிமிடப் பயிற்சி ஆகியவற்றை அந்த அட்டவணையில் பொருத்திப் பாருங்கள். நாய் தனியே இருக்கும் நீண்ட இடைவெளி எவ்வளவு என்றும் குறித்துக்கொள்ளுங்கள். நான்கைந்து மணி நேரத்தைத் தாண்டினால், நடுவில் வந்து பார்க்க ஆள் வேண்டும். பிறகு நாயே இல்லாமல், அந்த அட்டவணைப்படி சில வாரங்கள் வாழ்ந்து பாருங்கள். குறித்த நேரத்தில் எழுந்து, வெளியே நடந்து, மாலையில் மீண்டும் நடந்து, இரவு உணவுக்கு முன் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். நாய் இல்லாமல் செய்ய முடியாத நடையை, நாய் வந்த ஆர்வத்தில் தொடங்கினாலும் தொடர்வது கடினம்.

படி 4: வீட்டில் உள்ளவர்களைக் கணக்கில் எடுங்கள்

குழந்தைகள் உள்ள வீட்டில் மந்தை நாய் வளர்க்கக் கூடாது என்று விதி எதுவும் இல்லை. ஆனால் ஓடி, கூச்சலிட்டு, கீழே விழுந்து விளையாடும் வயதுக் குழந்தைகள் நாயின் மடக்கும் உணர்வைத் தூண்டிக்கொண்டே இருப்பார்கள். பெரியவர் ஒருவர் உடனிருந்து இரு தரப்பையும் கண்காணிக்க முடியாத நேரங்களில், தடுப்புக் கதவு ஒன்றினால் இருவரையும் பிரித்துவைக்க வேண்டியிருக்கும். "குழந்தைக்குப் பொறுப்பு வரட்டும் என்றுதான் நாய் வாங்குகிறோம்" என்ற எண்ணம் இருந்தால், அதற்கு இவ்வினங்கள் பொருந்தா. கயிற்றை இழுக்கும் 25 கிலோ நாயைப் பத்து வயதுக் குழந்தை அடக்க முடியாது.

நடை தடுமாறும் முதியவர்கள் வீட்டில் இருந்தால், காலைச் சுற்றி வளைத்து ஓடும் நாய் அவர்களைக் கீழே தள்ளிவிடக்கூடும். பூனைகள் தாம் உற்றுநோக்கப்படுவதை நாள் முழுதும் சகித்துக்கொள்ள வேண்டியிருக்கும். பக்கத்து வீட்டாரையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஏனெனில் குரைப்பு சில மந்தை நாய்களுக்குத் தொழிற்கருவி.

வீட்டில் எல்லோரும் சம்மதிப்பது வேறு, ஒருவர் பொறுப்பேற்பது வேறு. அந்த ஒருவர் யார் என்பதையும், அவர் வெளியூர் சென்றால் அல்லது நோயுற்றால் இரண்டாமவர் யார் என்பதையும் எல்லோர் முன்னிலையிலும் பேசி முடிவு செய்துவிடுங்கள்.

படி 5: இடமும் வெயிலும்

இடத்தைப் பற்றிச் சொல்லக் கொஞ்சமே இருக்கிறது. வேலி போட்ட, கயிறு இல்லாமல் ஓடவிடக்கூடிய ஓரிடம் நடந்து போகும் தூரத்திலோ வாகனத்தில் செல்லக்கூடிய தொலைவிலோ இருந்தால் போதும். வெயில் அதைவிட முக்கியம். இவற்றில் பெரும்பாலானவை இரட்டை அடுக்கு முடி கொண்டவை. நாய் மூச்சிரைப்பதன் மூலமே பெரும்பாலும் உடலைக் குளிர்வித்துக்கொள்கிறது. வெப்பமான ஊரில் வாழ்பவர்கள் விடியற்காலையிலும் இருட்டிய பிறகும் மட்டுமே நடத்த முடியும் என்பதைப் படி 3-இல் எழுதிய அட்டவணையில் சேர்த்துப் பார்க்க வேண்டும். புறங்கையைத் தரையில் சில நொடிகள் வைத்துத் தாங்க முடியாவிட்டால் நாயின் பாதத்துக்கும் அது சூடுதான். முடியை ஒட்ட மழித்துவிட்டால் சரியாகிவிடும் என்பது தவறான நம்பிக்கை. மேலடுக்கு வெயிலிலிருந்தும் காக்கிறது, மழித்தபின் சில நாய்களுக்கு அது பழையபடி வளர்வதுமில்லை. வேலையில் மூழ்கிய மந்தை நாய் தன் களைப்பை உணர்ந்து நிற்காது, நிறுத்த வேண்டியவர் நீங்கள்தான்.

படி 6: பரம்பரை நோய்களைக் கேட்டறியுங்கள்

மந்தை இனங்களில் அதிகம் காணப்படும் சில மரபணுக் குறைகளை அறிந்திருப்பது உயிர் காக்கும். எம்டிஆர்1 என்ற மரபணுவில் ஏற்படும் மாற்றத்தால், மூளைக்குள் மருந்து புகாமல் தடுக்கும் அரண் பலவீனமாகிறது. 2001-இல் கண்டறியப்பட்ட இந்தக் குறை, ரஃப் கோலி நாய்களில் ஏறத்தாழ 70 சதவீதத்திலும் ஆஸ்திரேலியன் ஷெப்பர்டுகளில் ஏறத்தாழ பாதியிலும் காணப்படுகிறது. பார்டர் கோலியில் இது மிகக் குறைவு. இக்குறையுள்ள நாய்க்கு உண்ணிக்கோ சொறிக்கோ அதிக அளவில் ஐவர்மெக்டின் கொடுத்தாலும், வயிற்றுப்போக்குக்கு மனிதர்கள் உட்கொள்ளும் லோப்பெராமைடு கொடுத்தாலும் நரம்புக் கோளாறும் மரணமும் நேரலாம். கன்னத்தின் உட்புறத்தில் பஞ்சால் தடவி எடுக்கும் மாதிரியைக் கொண்டே இதைப் பரிசோதிக்க முடியும்.

கோலி வகைகளில் பிறவியிலேயே வரும் கண் குறைபாடு, இடுப்பு மூட்டுத் தளர்ச்சி, வலிப்பு ஆகியவையும் கேட்டறிய வேண்டியவை. பளிங்குக் கோடுகள் ஓடியதுபோல் தோன்றும் மெர்ல் நிறக் குட்டியை விரும்புபவர்கள், தாய் தந்தை இரண்டும் மெர்ல் அல்ல என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். இரண்டும் மெர்லானால் குட்டிகளில் நான்கில் ஒரு பங்குக்கு அந்த மரபணு இருமடங்காகச் சேர்ந்து, காது கேளாமையோ பார்வையின்மையோ ஏற்படும் வாய்ப்பு மிகுதி. இதை அறிந்தே அவ்வாறு இணைசேர்ப்பவரிடம் எந்தக் குட்டியையும் வாங்கக் கூடாது.

குட்டி விற்பவரிடம் பெற்றோரின் பரிசோதனை முடிவுகளைக் கேளுங்கள். தாயை நேரில் பாருங்கள். அந்த நாய் உங்களைக் கண்டு ஒளிகிறதா, பாய்கிறதா, முகர்ந்துவிட்டு அமைதியாகப் போய்ப் படுக்கிறதா என்பது எந்தச் சான்றிதழையும்விட அதிகம் சொல்லும். உங்களிடம் ஒரு கேள்வியும் கேட்காமல் பணத்தை மட்டும் பேசுபவரை விட்டு விலகுங்கள்.

படி 7: முதல் இரண்டு ஆண்டுகளை எண்ணிப் பாருங்கள்

குட்டி உலகத்தோடு பழகும் பருவம் ஏறத்தாழ மூன்றாம் வாரத்தில் தொடங்கிப் பன்னிரண்டு முதல் பதினான்காம் வாரத்துக்குள் முடிந்துவிடுகிறது. பலவகை மனிதர்கள், ஒலிகள், வாகனங்கள், தரைகள் ஆகியவற்றைப் பயமின்றி அந்தக் காலத்தில் காட்டிவிட வேண்டும். தடுப்பூசி முழுமையடையாத நாள்களில் குட்டியைக் கையில் தூக்கிச் சென்றாவது இதைச் செய்ய வேண்டியிருக்கும். அந்த வாரங்களில் வீட்டில் ஒருவர் விடுப்பில் இருக்க முடியுமா என்பதை இப்போதே பாருங்கள்.

ஆறாம் மாதத்திலிருந்து ஒன்றரை வயதுவரை நீளும் விடலைப் பருவமே உண்மையான சோதனை. கற்றதெல்லாம் மறந்ததுபோல் நடந்துகொள்ளும், துரத்தும் உணர்வு முழு வேகத்தில் விழிக்கும், எலும்புகளின் வளர்முனைகளோ இன்னும் முழுமையாக மூடியிருக்காது என்பதால் நீண்ட ஓட்டமும் உயரத் தாண்டுதலும் கொடுக்கக் கூடாது. ஆற்றல் உச்சத்தில் இருக்கும்போது ஓட்டம் கட்டுப்படுத்தப்பட வேண்டும் என்ற இந்த முரண்பாட்டை மூளைப் பயிற்சியால் மட்டுமே கடக்க முடியும். பயிற்சியாளரின் உதவிக்குப் பணம் ஒதுக்க வேண்டிய பருவமும் இதுவே.

படி 8: வளர்ந்த நாய்களோடு பழகிப் பாருங்கள்

குட்டிகளைப் பார்க்கப் போவது முடிவெடுக்க உதவாது, எந்தக் குட்டியும் மனத்தைக் கரைத்துவிடும். இரண்டு வயதுக்கு மேற்பட்ட, நீங்கள் விரும்பும் இனத்து நாய்களை வளர்ப்பவர்களைத் தேடி, அவர்களுடைய வழக்கமான ஒரு நாளில் உடனிருக்க அனுமதி கேளுங்கள். காலை நடைக்கு உடன் செல்லுங்கள். கயிற்றை வாங்கிப் பிடித்துப் பாருங்கள். நாயைப் பற்றி அவர் பெருமைப்படுவதைக் கேட்டுக்கொண்டபின், கடைசியாக எப்போது இரண்டு நாள் வெளியூர் போனீர்கள், நாயை யாரிடம் விட்டீர்கள் என்று கேளுங்கள். காப்பகங்களில் தற்காலிகமாக நாயைப் பராமரிக்கும் வாய்ப்பு இருந்தால் அதை ஏற்பது இன்னும் சிறந்தது.

படி 9: விடைகளைச் சேர்த்து முடிவெடுங்கள்

வேலைநாள் அட்டவணையில் இரண்டு மணி நேரம் பொருந்தவில்லை, பொறுப்பேற்க ஒருவர் முன்வரவில்லை, நாய் நாளெல்லாம் தனியே இருக்கும் என்ற மூன்றில் ஒன்று இருந்தாலும் பார்டர் கோலி, மாலினுவா, கேட்டில் டாக், வேலை வழி ஆஸ்திரேலியன் ஷெப்பர்ட் ஆகியவற்றை விட்டுவிடுங்கள். ஒரு மணி நேரம் மட்டும் உறுதியாக இருக்கிறதென்றால் ரஃப் கோலி, ஷெட்லண்ட் ஷீப்டாக் ஆகியவற்றை எண்ணிப் பார்க்கலாம். குட்டிப் பருவத்துக்கு நேரமில்லை, ஆனால் அதன்பின் நேரம் உண்டு என்பவர்களுக்கு, குணம் தெரிந்துவிட்ட நான்கைந்து வயது மந்தை நாயைக் காப்பகத்திலிருந்து எடுப்பது நல்ல வழி. பலர் இதை இரண்டாந்தரமான வழி என்று நினைக்கிறார்கள், எனக்கு அது முதல்தரமாகவே தோன்றுகிறது. நேரம் இருக்கிறது, ஆனால் துரத்தலும் கவ்வலும் வேண்டாம் என்பவர்கள் மந்தை நாய் வகையையே விட்டு வேறு இனங்களைப் பார்ப்பதே நேர்மை.

எல்லாப் படிகளிலும் "ஆம்" என்று வந்திருந்தால், நாய் வீட்டுக்கு வருமுன் மூன்று வேலைகளை முடித்துவையுங்கள். வெகுமதி தந்து பழக்கும் பயிற்சியாளர் ஒருவரிடம் முதல் வகுப்புக்கு நாள் குறித்துக்கொள்ளுங்கள். ஆள் நடமாட்டம் குறைந்த மூலையில் நாய்க்கான ஓய்விடத்தை அமைத்து, அங்கே படுத்திருக்கும்போது யாரும் தொடக்கூடாது என்பதை வீட்டாருக்குச் சொல்லிவிடுங்கள். கால்நடை மருத்துவரைச் சந்தித்து, எந்த இனத்தை வளர்க்கப் போகிறீர்கள் என்று தெரிவித்து, எம்டிஆர்1 பரிசோதனை முடிவு வரும்வரை எந்தெந்த மருந்துகளைக் கொடுக்கக் கூடாது என்பதை எழுத்தில் வாங்கி, வீட்டில் மருந்துப் பெட்டியின் மேலேயே ஒட்டிவையுங்கள்.